இரைச்சலைக் குறைத்தால் பேச்சு விளங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு 63 வயது. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், பாய்லர் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் என் மகன் நடத்தும் வலை, கயிற்றுக் கடையில் கல்லாவில் உட்காருகிறேன். இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் திறன் குறைந்திருப்பதாகச் சொல்லி, எட்டு மாதத்துக்கு முன் வலது காதுக்கு மட்டும் 38,000 ரூபாய்க்கு டிஜிட்டல் காது மிஷின் வாங்கினோம். வீட்டில் நன்றாகக் கேட்கிறது. கடையில் சத்தம் கேட்கிறதே தவிர, பேச்சு புரியவில்லை. 8 எம்.எம். கயிறு கேட்டால் 10 எம்.எம். எடுத்துக் கொடுக்கிறேன். யாரும் பேசாத நேரத்தில் இரைச்சல் அலை மாதிரி எழும்பி வருகிறது. ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ கூட்டி வைத்துப் பார்த்தார்கள். எல்லார் குரலும் மழுங்கிவிட்டது. ஏ.ஐ. உள்ள புதிய கருவி 1,60,000 ரூபாய், அது இரைச்சலை முழுவதும் நீக்கிவிடும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம் என்கிறான் மகன். ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை வரைபடம்) நகலை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: மதிப்பிற்குரிய ஐயா,

கடன் வாங்க வேண்டாம். இப்போதைக்குப் புதிய கருவியும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை கருவியின் விலையால் வந்தவை அல்ல. அது காதில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, அதன் அமைப்புகள் எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டிருக்கின்றன, கடையில் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறீர்கள் என்ற மூன்றிலிருந்தும் வந்தவை. ராயபுரத்தில் 22 ஆண்டுகளாகச் செவித்திறன் பரிசோதனையும் கருவி பொருத்தும் வேலையும் செய்துவருகிறேன். ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல’ என்ற சொல்லைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் கழிந்ததில்லை. அந்தச் சொல்லில் துல்லியமான உண்மை இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உட்செவியின் நத்தைச்சுருளில் ஒவ்வொரு காதுக்கும் ஏறத்தாழ 12,000 வெளி மயிர்ச்செல்களும் 3,500 உள் மயிர்ச்செல்களும் இருக்கின்றன. வெளி மயிர்ச்செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பதோடு, அடுத்தடுத்துள்ள சுருதிகளை ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்தும் காட்டுகின்றன. பாய்லர் பிரிவின் பேரொலியில் பல ஆண்டுகள் நின்ற காதில் முதலில் அழிவது இந்தச் செல்கள்தாம். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. கருவியால் ஒலியின் உரத்தைத் திருப்பித் தர முடியும். பிரித்துக் காட்டும் அந்தக் கூர்மையைத் திருப்பித் தர முடியாது. அதனால்தான், பேச்சும் இரைச்சலும் ஒரே உரத்தில் இருக்கும் இடத்திலும் உங்கள் மகனால் ஓரளவு பின்தொடர முடிகிற பேச்சு உங்களுக்கு விளங்குவதில்லை. உங்கள் காதுக்குப் பேச்சு இரைச்சலைவிடச் சில டெசிபெல் (ஒலியின் உரத்தை அளக்கும் அலகு) மேலே நிற்க வேண்டும். இனி நான் சொல்லப்போகும் எல்லா வழிகளும் அந்தச் சில டெசிபெல்லைத் தேடித் தருவதற்காகத்தான்.

‘எட்டு’, ‘பத்து’ என்ற இரண்டு சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் உயிரொலிதான் உரத்த பகுதி. அது பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது, எஞ்சின் உறுமலும் அங்கேயேதான் இருக்கிறது. ‘ப’ என்ற உதட்டு வெடிப்பு ஒரு விநாடியின் நூறில் ஓரிரு பங்கு நேரமே நீடிக்கிறது. ‘ட்டு’வையும் ‘த்து’வையும் வேறுபடுத்துவது நாக்கு தொடும் இடம், அந்த வேறுபாடு 2,000 ஹெர்ட்ஸுக்கு (சுருதியின் உயரத்தை அளக்கும் அலகு) மேற்பட்ட மெல்லிய கீற்றாகவே காதுக்கு வந்து சேர்கிறது. உங்கள் ஆடியோகிராமில் 500 ஹெர்ட்ஸில் குறைபாடு 30 டெசிபெல், 4,000 ஹெர்ட்ஸில் 70 டெசிபெல். ஆக, உயிரொலியை எஞ்சின் மூடுகிறது, மெய்யொலியைக் காதின் குறைபாடு மூடுகிறது. எஞ்சியதைக் கொண்டு நீங்கள் கயிற்றின் தடிமனை ஊகிக்கிறீர்கள். தவறாக எடுத்துக் கொடுத்தது உங்கள் கவனக்குறைவு அன்று. இதை உங்கள் மகனுக்கும் சொல்லுங்கள்.

இனி, கருவி இரைச்சலைக் குறைக்கும் விதம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘முழுவதும் நீக்கிவிடும்’ என்ற வாக்குறுதி எதுவரை செல்லும் என்பது அப்போதுதான் தெரியும். மைக்கில் விழும் ஒலியைக் கருவி விநாடிக்கு 16,000 அல்லது 20,000 முறைக்கு மேல் அளந்து எண்களாக்குகிறது. பிறகு அதைத் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒலி எப்படி ஏறி இறங்குகிறது என்று கவனிக்கிறது. மனிதர் பேசும்போது அசைக்கு அசை ஒலி ஏறி இறங்கும். அது விநாடிக்கு ஏறத்தாழ நான்கு முறை நடக்கிறது. மின்விசிறியும் ஜெனரேட்டரும் ஒரே மட்டத்தில் இரைந்துகொண்டிருக்கும். எந்தப் பட்டையில் ஏற்ற இறக்கம் இல்லையோ அங்கே இரைச்சல்தான் இருக்கிறது என்று முடிவுசெய்து, அந்தப் பட்டைக்கான பெருக்கத்தைக் கருவி குறைக்கிறது.

நம் வீடுகளில் அரிசியை முறத்தில் புடைப்பார்கள். உமி அரிசியைவிட லேசானது என்பதால் பறந்துவிடும். கல் கனமானது என்பதால் புடைத்தால் போகாது. அதைத் தண்ணீரில் அரித்துத்தான் எடுக்க வேண்டும். பச்சரிசியில் புழுங்கலரிசி கலந்துவிட்டாலோ முறமும் உதவாது, அரிப்பதும் உதவாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஜெனரேட்டரின் உறுமல் உமி. ஐஸ் உடைக்கும் எந்திரத்தின் சடசடப்பும் இரும்பு விழும் ஓசையும் கல். அவற்றுக்குக் கருவியில் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. பக்கத்தில் ஏலம் கூவுகிறவரின் குரல், உங்கள் வாடிக்கையாளரின் குரலோடு கலந்த இன்னோர் அரிசி. இரண்டும் தமிழ்ப் பேச்சு, இரண்டுக்கும் ஒரே ஏற்ற இறக்கம், ஒரே சுருதிகள். இவற்றில் உங்களுக்கு வேண்டிய குரல் எது என்பது உங்கள் மனத்துக்குத்தான் தெரியும், கருவிக்குத் தெரியாது.

உமியைப் பறக்கவிடும்போதுகூட ஓர் இழப்பு உண்டு. உறுமல் நிறைந்த பட்டையில் பெருக்கத்தைக் குறைத்தால், அதே பட்டையில் உள்ள பேச்சும் அதே அளவு குறைகிறது. அந்தப் பட்டைக்குள் பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கிறது. கடுமையான தாழ்சுருதி இரைச்சல் மேல்சுருதி ஒலிகளையும் மூடும் இயல்புடையது என்பதால், அதை அடக்குவது ஓரளவு உதவும். ஆனால் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் காட்டியிருப்பது, இவ்வகை இரைச்சல் குறைப்பு காதுக்கு இதமளிக்கிறது, களைப்பைக் குறைக்கிறது, ஆனால் விளங்கும் சொற்களின் எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதில்லை என்பதே. இதமும் சிறிய விஷயம் அன்று. மாலை வரை கருவியைக் கழற்றாமல் அணிய அது வேண்டும். ஆனால் விற்பனையில் இதத்தையே தெளிவு என்று சொல்லிவிடுகிறார்கள்.

இதைவிட நுட்பமான முறைகளும் உண்டு. பேச்சின் இடைவெளிகளில் இரைச்சலை மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டை முழு ஒலியிலிருந்து கழிக்கும் முறையை ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் 1979-இல் எழுதினார். கழித்த இடத்தில் குமிழி உடைவது போன்ற கீச்சொலிகள் மிஞ்சின. அவற்றைப் பெரிதும் தணித்த புள்ளியியல் முறை ஒன்றை எஃப்ரைம், மாலா என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்டார்கள். முழுமையான டிஜிட்டல் செவித்துணைக் கருவிகள் 1996-இல் கடைக்கு வந்த பிறகு இந்தக் கணக்குகளின் வழிவந்த முறைகள் காதுக்குள்ளும் இடம்பிடித்தன. ஆனால் காதுக்குள் இருக்கும் கருவிக்கு, பதிவுசெய்த ஒலியைக் கணினியில் சுத்தம் செய்கிறவருக்கு இல்லாத நெருக்கடி உண்டு. ஒலி உள்ளே வந்து வெளியேறுவதற்குள் ஏறத்தாழ 10 மில்லிவிநாடிக்கு மேல் தாமதித்தால், உங்கள் குரலே உங்களுக்கு இரட்டித்துக் கேட்கத் தொடங்கும். அடுத்த சொல் என்ன என்று காத்திருந்து பார்த்து முடிவெடுக்க அவகாசம் கிடையாது. அத்தனை கணக்கையும் 1.4 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்றைக் கொண்டு ஒரு வாரம்வரை போட்டாக வேண்டும்.

ஏ.ஐ. என்று உங்களிடம் சொல்லப்பட்டது, ஏராளமான பேச்சு மாதிரிகளையும் இரைச்சல் மாதிரிகளையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நரம்பு வலைப்பின்னல். அது வெறும் விளம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். உமியையும் கல்லையும் பழைய முறைகளைவிட அது நன்றாகப் பிரிக்கிறது, சில சூழல்களில் சொற்களின் தெளிவையும் கூட்டுகிறது. அரிசியோடு கலந்த அரிசிக்கு முன்னால் மட்டும் அதற்கும் அதே திகைப்புதான். அதோடு, எவ்வளவு உயர்ந்த கருவியானாலும் தவறான முறையில் பொருத்தினால் அதன் ஆற்றல் காதுக்கு வந்து சேராது. உங்களுக்கு இப்போது நடந்திருப்பது அதுதான் என்று கருதுகிறேன்.

குரல்கள் மழுங்கிப்போனதாக எழுதியிருந்தீர்கள். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் நானும் அதே தவற்றைச் செய்திருக்கிறேன். கூடை மீன் விற்கும் அம்மா ஒருவர் இரைச்சல் தாங்கவில்லை என்று வந்தபோது, இரைச்சல் குறைப்பை உச்சத்தில் வைத்து அனுப்பினேன். பத்தே நாளில் திரும்பி வந்து, “எல்லாரும் வாயில பஞ்ச வச்சிக்கினு பேசறாங்கம்மா” என்றார். அவருடைய வியாபாரத்தில் பத்து நாள் என்பது எவ்வளவு என்று எனக்கு அப்போது தோன்றவில்லையே என்பது இன்றும் என்னை வருத்துகிறது. இரைச்சல் குறைப்பை மிதமான அளவில் நிறுத்தி, தெளிவை வேறு வழிகளில் தேட வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

அந்த வேறு வழிகளில் முதலாவது, திசைநோக்கு மைக். உங்கள் கருவியின் மேல்பக்கத்தில் சிறிய துளைகள் இரண்டு தெரிந்தால், அதில் இரண்டு மைக்குகள் இருக்கின்றன என்று பொருள். அவற்றுக்கு இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க, ஒரு விநாடியை 10 லட்சம் கூறாக்கினால் அதில் சுமார் 30 கூறு ஆகிறது. பின்னாலிருந்து வரும் ஒலி பின்மைக்கை முதலில் தொடுவதால், அதை அந்த அளவு தாமதப்படுத்தி முன்மைக்கின் ஒலியிலிருந்து கழித்தால், பின்னால் உள்ள இரைச்சல் பெருமளவு அழிகிறது, முன்னால் உள்ள குரல் நிற்கிறது. குரலா இரைச்சலா என்று இங்கே கருவி ஊகிக்க வேண்டியதில்லை. வரும் திசையே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. பேச்சை இரைச்சலுக்கு மேலே உண்மையாகவே சில டெசிபெல் உயர்த்தும் ஏற்பாடு என்று கருவிக்குள் நான் முதலில் நம்புவது இதைத்தான்.

ஆனால் கல்லாவில் இருப்பவர் தெருவைப் பார்த்துத்தான் உட்காருவார். கண்டெய்னர் லாரியும் ஏலக்கூச்சலும் தெருவில். வாடிக்கையாளர் உங்களுக்கும் தெருவுக்கும் நடுவில். அப்போது குரலும் இரைச்சலும் ஒரே திசையிலிருந்து வருகின்றன, திசைநோக்கு மைக்கால் ஒன்றும் செய்ய முடியாது. மேசையைத் திருப்பி, தெரு உங்கள் முதுகுப் பக்கமாகவோ முதுகுக்குச் சற்றுப் பக்கவாட்டிலோ வரும்படி உட்காருங்கள்; வாடிக்கையாளரைக் கடையின் உள்பக்கமாக நின்று பேசச் சொல்லுங்கள். கல்லாவைத் திருப்பிப் போடுவது கடைக்காரருக்கு எளிதான காரியம் அன்று என்பதை அறிவேன். பாதுகாப்புக்கு ஒரு கண்ணாடியைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு வாரம் செய்து பாருங்கள்.

கடற்கரை ஆதலால் இரண்டு எச்சரிக்கைகள். காற்று பலமாக அடிக்கும்போது மைக் துளையின் வாயிலேயே அது சுழன்று இரைச்சலை உண்டாக்குகிறது. திசைநோக்கு நிலையில் அந்த இரைச்சல் மேலும் மிகும். படகுத்துறைக்கு நடந்து போகும்போது எல்லாத் திசையும் கேட்கும் நிலைக்கு மாற்றிக்கொள்ளும்படி தனியாக ஓர் அமைப்பு வேண்டும். அடுத்தது, உப்புக் காற்றும் வியர்வையும் தூசியும். இரண்டு மைக்குகளும் சமமாகக் கேட்டால்தான் மேலே சொன்ன கழித்தல் சரியாக நடக்கும். ஒரு துளை சற்று அடைத்துக்கொண்டாலும் கருவி வேலை செய்துகொண்டே இருக்கும், திசை மட்டும் தொலைந்துபோகும், அணிந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. எட்டு மாதம் காசிமேட்டில் இருந்த கருவி என்பதால் இதை நான் பெரிதும் சந்தேகிக்கிறேன். மைக்குகளைச் சுத்தம் செய்து சோதிக்கச் சொல்லுங்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வையுங்கள்.

யாரும் பேசாதபோது இரைச்சல் அலைபோல் எழுவதாக எழுதியது எனக்கு மிகவும் உதவிய தகவல். கருவி மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும். இதை கம்ப்ரெஷன் என்போம். பேச்சு நின்றவுடன், ‘ஒலி மெலிந்துவிட்டது’ என்று எண்ணிக் கருவி பெருக்கத்தை விரைந்து கூட்டுகிறது, பின்னணி இரைச்சல் மேலே வந்துவிடுகிறது. கடைக்கான அமைப்பில் பெருக்கம் திரும்ப ஏறும் வேகத்தைக் குறைத்தும், மெல்லிய ஒலிக்கான பெருக்கத்தைச் சற்று இறக்கியும் வைத்தால் இந்த அலை அடங்கும். வீட்டுக்கு ஓர் அமைப்பு, கடைக்கு ஓர் அமைப்பு, துறைக்கு ஓர் அமைப்பு என மூன்றைப் பதிந்து, பொத்தானில் மாற்றிக்கொள்ளும்படி கேளுங்கள். இதற்குச் செலவில்லை.

காதுக்குள் செருகும் பகுதி துளைகளுள்ள மெல்லிய ரப்பர் தொப்பியாக இருக்குமானால், எஞ்சின் உறுமல் அந்தத் துளைகள் வழியே, கருவியைத் தொடாமலே, நேரே செவிப்பறைக்குப் போய்விடும். கருவி எவ்வளவு திறமையாகக் கழித்தாலும் பக்கவாசல் வழியே வந்ததை அது கழிக்க முடியாது. உங்கள் காதின் அச்செடுத்து, சிறு துளை மட்டும் விட்ட மோல்டு செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். தாங்க முடியாவிட்டால் துளையைச் சிறிது பெரிதாக்கலாம். மோல்டு பொருத்திய பிறகு, மெல்லிய குழாய் மைக்கைக் காதுக்குள் வைத்து உண்மையில் எவ்வளவு ஒலி செவிப்பறைக்குச் சேர்கிறது என்று அளக்கும் ‘ரியல் இயர்’ சோதனையையும், இரைச்சலுக்கு நடுவே பேச்சை வாசித்துக் காட்டும் சோதனையையும் கேட்டுப் பெறுங்கள். இந்த வசதி உள்ள இடத்துக்குச் சற்றுத் தொலைவு போக வேண்டியிருந்தாலும் போய்வாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், காதில் குறும்பி அடைத்திருக்கிறதா, இந்த எட்டு மாதத்தில் குறைபாடு கூடியிருக்கிறதா என்று ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் கையில் பணம் இருந்தால், அதை இடது காதுக்குச் செலவிடுங்கள். இரண்டு காதிலும் குறைபாடு சமமாக இருக்க, ஒன்றுக்கு மட்டும் கருவி வைத்தது உங்களுடைய பெரிய இழப்பு. இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டையும் உர வேறுபாட்டையும் ஒப்பிட்டுத்தான் மூளை பல குரல்களுக்கிடையே ஒரு குரலைப் பின்தொடர்கிறது. கலந்த அரிசியைக் கையால் பொறுக்குவது என்றேனே, அந்தக் கை இதுதான். வாடிக்கையாளர் உங்கள் இடப்பக்கம் நின்று பேசினால், உங்கள் தலையே அவர் குரலின் மேல்சுருதியை மறைத்துக்கொண்டிருக்கும். இப்போதைய கருவியைப் போன்றதே இன்னொன்று 38,000 ரூபாய்க்கு வாங்கி இரண்டு காதிலும் அணிவது, 1,60,000 ரூபாய்க் கருவி ஒன்றை ஒரு காதில் அணிவதைவிட உங்களுக்கு நன்மை தரும் என்பது என் உறுதியான கருத்து.

கடையில் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றலாம். திறந்த வெளியில் பேசுகிறவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் பாதியானால், அவர் குரல் 6 டெசிபெல் உயர்ந்து வரும், எந்த ஏ.ஐ.யும் இவ்வளவு எளிதாக இதைத் தராது. ஆகவே கத்தச் சொல்லாதீர்கள், அருகில் வரச் சொல்லுங்கள். கத்தும்போது உயிரொலி மட்டும் ஓங்கி மெய்யொலி சிதைந்துபோகிறது. 8, 10, 12 எம்.எம். கயிற்றுத் துண்டுகளைப் பலகையில் கட்டிவைத்து, தொட்டுக் காட்டச் சொல்லலாம். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் கருவியைக் கழற்றிவிட்டுக் காது மூடியை அணியுங்கள். 85 டெசிபெல்லுக்கு மேல் நாளெல்லாம் கேட்டால் மிஞ்சியிருக்கும் செல்களும் போய்விடும்.

இவையெல்லாம் செய்து மூன்று மாதம் ஆன பிறகும் போதவில்லை என்றால், அப்போது விலை உயர்ந்த கருவியைப் பார்க்கலாம். பணம் கட்டும் முன் ஒரு வாரம் சோதனைக்குத் தருவார்களா என்று கேளுங்கள். தராத இடத்தில் வாங்காதீர்கள். குளிரூட்டிய அறையில் அவர்கள் பேசிக் காட்டுவது உங்களுக்குச் சோதனை ஆகாது. அதிகாலையில் படகுகள் வந்து ஏலம் நடக்கும் நேரத்தில், கடையில் உட்கார்ந்து, உங்கள் மகனை எண்கள் சொல்லச் சொல்லி, பழைய கருவியில் இருபதுக்கு எத்தனை சரி, புதியதில் எத்தனை சரி என்று எழுதிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில் ஏலத்தின் ஆரவாரம் அடங்கியிருப்பதால், உங்கள் பழைய கருவியே நன்றாகக் கேட்பதுபோல் தோன்றும்.